ஆறு கடையிலும் ‘ஸ்டாக் இல்லை’: கருத்தடை மாத்திரையும் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பும்

கேள்வி: வயது 26. கல்யாணமாகி எட்டு மாதம். சனிக்கிழமை இரவு பதினோரு மணிவாக்கில் காண்டம் கிழிந்துவிட்டது. ஞாயிறு முழுக்க சென்னையில் ஆறு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். அவசர கருத்தடை மாத்திரை எங்கேயும் "ஸ்டாக் இல்லை". ஒரு கடைக்காரர் மட்டும் "டாக்டர் சீட்டு இருக்கா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். கடைசியில் பெங்களூரிலிருந்து திரும்பிய தோழி வாங்கி வந்தாள். திங்கள் இரவு ஒன்பது மணிக்குப் போட்டேன். தமிழ்நாட்டில் இதற்குத் தடையா? சீட்டு கட்டாயமா? இனி தினமும் போடும் மாத்திரைக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். அதையாவது கடையில் நேராகப் போய் வாங்க முடியுமா?

பதில்:

முதலில் உங்கள் கவலைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கணக்குப்படி 46 மணி நேரத்தில் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. 72 மணி நேரக் கெடுவுக்குள்தான். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால் ஞாயிறு காலையே கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கவில்லையே? எடுக்கவில்லை என்றால் மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது. இந்த மாதம் நாள் சில தினங்கள் முன்பின் ஆகலாம், நடுவில் லேசாகத் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். பயப்பட வேண்டாம். வழக்கமான தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். அந்தக் கிட்டை மட்டும் எந்தக் கடையிலும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்கள்.

நான் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடித்து இருபத்திரண்டு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவள். அதில் மூன்று வருடம் பெங்களூரில், மீதி முழுக்க தமிழ்நாட்டில். ஆகவே நீங்கள் ஏறி இறங்கிய ஆறு கடையிலும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் என்ன ஓடியிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

தடை இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கொண்ட அவசர கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று மத்திய அரசு 2005லேயே முடிவு செய்துவிட்டது. அப்போது 0.75 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும். பிறகு 1.5 மில்லிகிராம் ஒரே மாத்திரையாக வந்தது. 2007ல் சிப்லா நிறுவனம் ஐ-பில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்து, டிவியில் பெரிதாக விளம்பரம் செய்தது. 2010ல் அந்தப் பெயரை பிராமல் நிறுவனம் 95 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. நாட்டின் மற்ற ஊர்களில் அது எவ்வளவு விற்றிருக்கும் என்பதை இந்த விலையை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே, தடை போடவில்லை என்று பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் கிடைப்பதில்லை? நான் 2000களின் பிற்பகுதியில் சென்னைப் புறநகர்க் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி சொன்ன முதல் பாடங்களில் ஒன்று இது: "அந்த ஐட்டம் மட்டும் வேண்டாம்மா, தலைவலி." என்ன தலைவலி என்று அவர் விளக்கவில்லை. கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்ட்டிடம் கேட்டேன். "அது இங்கே மூவ் ஆகாதுங்க" என்றார். மூவ் ஆகாது என்பது பொய். வாரத்துக்கு நான்கைந்து பேராவது வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடை வைப்பதில்லை என்பதால் ஸ்டாக்கிஸ்ட் எடுப்பதில்லை, ஸ்டாக்கிஸ்ட் எடுப்பதில்லை என்பதால் கடைக்கு வருவதில்லை. இந்தச் சக்கரத்தை முதலில் சுற்றிவிட்டது பயம். அந்தக் காலத்து விளம்பரங்கள் மீது இங்கே புகார்கள் கிளம்பின, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சு எழுந்தது. கூடவே, சீட்டு இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை விற்ற கடைகள் மீது டிரக் இன்ஸ்பெக்டர்கள் நடவடிக்கை எடுத்தார்கள். அது சரியான நடவடிக்கைதான். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட கடைக்காரர்கள், எதற்கு வம்பு என்று இரண்டையும் தூக்கிவிட்டார்கள்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். மேன்கைண்ட் நிறுவனத்தின் அவசர கருத்தடை மாத்திரை அன்வான்டட்-72. அதே நிறுவனத்தின் கருக்கலைப்பு மருந்துப் பெட்டி அன்வான்டட் கிட். முதலாவதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், சீட்டு தேவையில்லை. இரண்டாவதில் இருப்பது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோபிரோஸ்டாலும், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. பில் போடும் பையனுக்கு இரண்டும் "அன்வான்டட்". கவுன்டரில் நிற்பவர் எல்லோரும் படித்த பார்மசிஸ்ட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன? சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையது, மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர். இதை என் தொழில்காரர்கள் பலர் வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கக்கூடியது. அந்த ஐந்து நாளும் முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் சந்திப்பு நடக்காது. முட்டை ஏற்கெனவே வெளியே வந்திருந்தால் மாத்திரை போட்டும் பயனில்லை. கரு ஏற்கெனவே பதிந்திருந்தாலும் அதை ஒன்றும் செய்யாது. இதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு கடையில் "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நீங்கள் வீணாக்கிய ஒவ்வொரு மணி நேரத்திலும் முட்டை ஒரு படி முன்னே வந்துகொண்டிருந்திருக்கலாம். கடைக்காரர் நினைப்பதுபோல இது "தப்பு செய்தபிறகு அழிக்கும் ரப்பர்" என்றால் நேரத்துக்கு என்ன அவசரம்?

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயம். ஆடி மாதம், மார்கழி, தை, கோயில் திருவிழா, குலதெய்வப் பொங்கல், அண்ணன் கல்யாணம் என்று எது வந்தாலும் எங்கள் கவுன்டருக்கு ஒரு மாத்திரை கேட்டு ஆள் வரும். நாள் தள்ளிப்போட. பெரும்பாலும் பிரைமோலூட்-என் அல்லது அதே நோரெதிஸ்டிரோன் வேறு பெயரில். அம்மா பெண்ணுக்கு வாங்குவார், கணவன் மனைவிக்கு வாங்குவார், அப்பா ஆட்டோவிலிருந்தபடியே "அந்த தள்ளிப்போடுற மாத்திரை பத்து கொடுங்க" என்று குரல் கொடுத்து வாங்கிப் போவார். யாரும் சீட்டு கேட்பதில்லை. கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்பதில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்றாலும் கை தயங்குவதில்லை. சட்டப்படி பார்த்தால் அதுதான் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதுவும் ஹார்மோன்தான். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட அக்கா. ஒரே மாத்திரையோடு முடிவதும் இல்லை, நாளுக்கு மூன்று வீதம் பல நாள் போட வேண்டும். ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. சீட்டு வேண்டிய ஹார்மோன் சாமி கும்பிட என்றால் கேள்வியில்லாமல் கிடைக்கிறது. சீட்டு வேண்டாத ஹார்மோன் கருத்தரிக்காமல் இருக்க என்றால் ஆறு கடையிலும் கிடைக்காது. மருந்தியல் தெரிந்த எவரும் இதற்கு மருந்தியல் காரணம் சொல்ல முடியாது.

(இடையில் ஒன்று. நாள் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் போடும் நாட்களில் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் அதைக் கருத்தடை மாத்திரையாக நம்பக் கூடாது.)

ஏன் எல்லோரும் "ஸ்டாக் இல்லை" என்றே சொல்கிறார்கள், "தர மாட்டேன்" என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தீர்களா? 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் 28ஆவது பத்தி இருக்கிறது. கடையில் இருக்கும் மருந்தை வாங்க வந்தவருக்கு விற்க மறுக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் கடையில் இருந்தால்தான் அந்த விதி பேசும். எந்தக் கடையையும் இந்த மருந்தை வாங்கி வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த சட்டத்தில் இடமில்லை. ஆகவே வாங்கியே வைக்காமல் இருந்துவிட்டால் யாரும் யாரையும் மறுத்ததாகாது. பழகிப்போன கடைக்காரர்கள் அந்தப் பத்தியைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் எந்த வார்த்தை பத்திரமானது என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆயிடுச்சா என்ற கேள்விக்கு வருவோம். எந்தச் சட்டத்திலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கருத்தடை வாங்க கல்யாணம் தேவையில்லை, கணவர் சம்மதம் தேவையில்லை, ஆதார் தேவையில்லை. கருக்கலைப்புச் சட்டத்திலேயே 2021ல் திருத்தம் வந்தபோது, கருத்தடை தோற்றுப்போன காரணத்தைச் சொல்லும் இடத்தில் "கணவர்" என்று இருந்ததை மாற்றி "துணை" என்று எழுதிவிட்டார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது. டெல்லி அங்கே வந்து நிற்கிறது, நம் தெருமுனைக் கடைக்காரர் மட்டும் தாலியைத் தேடுகிறார். அடுத்த முறை யாராவது கேட்டால் சண்டை போட வேண்டாம். "மருந்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நிதானமாக ஒரு முறை திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஒரு நல்ல பார்மசிஸ்ட் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை மணி நேரம் ஆயிற்று? கடைசியாக நாள் வந்த தேதி என்ன, ஏற்கெனவே தள்ளிப்போயிருக்கிறதா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபின் போடுகிறீர்களா? இவை லெவோநார்ஜெஸ்ட்ரலைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும், மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். எடை அதிகமா? உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்குப் பலன் குறைகிறது என்பதால் பிரிட்டனில் 70 கிலோவுக்கு மேல் என்றால் இரட்டை அளவு கொடுக்கச் சொல்கிறார்கள். பெங்களூர்க் கடையில் நான் இதைக் கேட்டு முடிக்க ஒன்றரை நிமிடம் போதும். ஒரு ஓரமாக நின்று, தாழ்ந்த குரலில். வந்தவர்கள் முதலில் மிரள்வார்கள், பிறகு அவர்களே இரண்டு சந்தேகம் கேட்பார்கள். அந்த வேலையை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தபின் அதைச் செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தினமும் போடும் மாத்திரை.

இதில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ரடியோல் 0.03 மில்லிகிராமும் சேர்ந்த குறைந்த அளவு மாத்திரை, மருந்து விதிகளின் ஷெட்யூல் கே பட்டியலில், அதாவது விற்பனைக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குத் தரும் பட்டியலில் இருக்கிறது. கடையில் நேராகப் போய் வாங்கலாம். தூர்தர்ஷன் காலத்தில் விளம்பரம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும் மாலா-டி இதுதான். அரசு மானியத்தில் சில ரூபாய்க்குக் கடையில் விற்பது மாலா-டி, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுப்பது மாலா-என். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். அட்டையில் 28 மாத்திரை, முதல் 21 ஹார்மோன், கடைசி ஏழு வெறும் இரும்புச் சத்து. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும் ரத்தசோகைக்கும் சேர்த்துச் செய்த நல்ல யோசனை. இந்த விலக்கு இருப்பதால்தான் வட மாநிலங்களில் 2011 முதல் ஆஷா எனப்படும் கிராம சுகாதார ஊழியர்கள் ஒரு மாத அட்டையை ஒரு ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறது. அவர்கள் கையில் மருந்துக்கடை உரிமம் எதுவும் இல்லை. அதே திட்டத்தில் அவசர மாத்திரையும் உண்டு, இரண்டு ரூபாய். பீகார் கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டு ரூபாய்க்கு வாசலில் கிடைக்க வேண்டும் என்று அரசு திட்டம் போட்ட பொருளுக்காகத்தான் நீங்கள் தலைநகரில் ஞாயிற்றுக்கிழமை அலைந்தீர்கள்.

ஆனால் சட்டப்படி வாங்கலாம் என்பதும் உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் வேறு. எஸ்ட்ரடியோல் சேர்ந்த மாத்திரை எல்லோருக்குமானது இல்லை. ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், கண்முன் மின்னல் பூச்சி பறந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள் தொடக் கூடாது. பாலூட்டும் தாய்க்கு ஆறு மாதம் வரை வேறு வழி பார்ப்பது நல்லது. இதில் எதுவும் உங்களுக்கு இல்லை, ரத்த அழுத்தம் ஒருமுறை பார்த்துச் சரியாக இருக்கிறது என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம். உள் பரிசோதனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்க உங்கள் தெருக் கடையிலேயே மெஷின் இருக்கும்.

நீங்கள் அவசர மாத்திரை போட்டிருப்பதால் அடுத்த நாளிலிருந்தே தினசரி மாத்திரையைத் தொடங்கலாம், நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் முதல் ஏழு நாள் காண்டமும் கட்டாயம். மூன்று வாரம் கழித்து ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். காத்திருந்து ஆரம்பிப்பதாக இருந்தால் நாள் வந்த ஐந்து நாளுக்குள் தொடங்கினால் உடனே பாதுகாப்பு. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போல் தொடரலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால் ஏழு நாளுக்குக் காண்டம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எல்லோரும் கேட்பார்கள். எப்போதானாலும் சரி, தினமும் ஒரே நேரம் என்றால் போதும். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வைத்தவர்கள் மறப்பதில்லை என்பது என் அனுபவம்.

தினமும் முடியாது என்பவர்களுக்கு லக்னோவில் உள்ள மத்திய மருந்தாராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் இருக்கிறது. 1991ல் சஹேலி என்ற பெயரில் வந்தது, 2016ல் சாயா என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. முழுக்க நம் நாட்டுச் சரக்கு, பாலூட்டும் தாயும் போடலாம். மாதவிடாய் சுழற்சி நீண்டுபோகும் என்பதால் "நாள் தள்ளிப்போச்சே" என்று பயந்து விட்டவர்கள் அதிகம். சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். இதைக் கேட்டால் கடையில் முழிப்பார்கள், பெயரை எழுதிக் காட்டுங்கள்.

முழிப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் கருத்தடை என்றாலே ஆபரேஷன். சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர், இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன், முடிந்தது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் அளவில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தியா முழுக்கச் சேர்த்தால் 38. மாத்திரை போடுபவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஐந்து பேர், இங்கே ஒருவர்கூட இல்லை. குழந்தை போதும் என்று முடிவெடுத்தவருக்கு நம் அமைப்பு அருமையாக வேலை செய்யும். இப்போதைக்கு வேண்டாம் என்பவருக்கும், இன்னும் தொடங்கவே இல்லை என்பவருக்கும் அதில் இடமே ஒதுக்கவில்லை. அந்த இரண்டு கூட்டமும்தான் மெடிக்கல் ஷாப்பைத் தேடி வருகிறது. 1930களின் தொடக்கத்திலேயே பெரியார் குடி அரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் பெண்ணின் உடல்நலத்தையும் காரணமாகச் சொன்னபோது, பெண் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் அவர். தொண்ணூறு ஆண்டில் வறுமைக் காரணத்தை அரசு எடுத்துக்கொண்டது, உடல்நலக் காரணத்தை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. மூன்றாவதைக் கேட்டுத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கவுன்டரில் நின்றீர்கள்.

மற்ற நாடுகள் இதில் ரொம்ப முன்னே போய்விட்டன என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் முதல் மாத்திரை வந்தது 1960ல். தினசரி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது 2023 ஜூலையில், ஓபில் என்ற பெயரில். கடைக்கு வந்தது 2024ல். பிரிட்டனில் டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை பார்மசிஸ்ட்டே பேசிக் கொடுக்கலாம் என்று ஆனது 2021ல். காகிதத்தில் பார்த்தால் நாம்தான் முந்தி. இலங்கையில் கடையில் போய் போஸ்டினோர் என்றால் அவசர மாத்திரை, மிதுரி என்றால் தினசரி மாத்திரை. அங்கிருந்து வந்த ஒரு பெண்மணி எங்கள் கடையில் போஸ்டினோர் கேட்டு, இல்லை என்றதும், "என்ன, பெரிய பட்டணம் எண்டு சொன்னாங்களே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இனி இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடை கடையாக ஏறாதீர்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்து அருகில் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், தேசிய குடும்ப நலத் திட்டப் பட்டியலில் இந்த மாத்திரை இருக்கிறது, இருப்பு இடத்துக்கு இடம் மாறும். அதைவிட முக்கியம், பலருக்குத் தெரியாதது: ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டால் அது எந்த மாத்திரையையும்விடப் பலமான அவசர கருத்தடை. அரசு மருத்துவமனையில் இலவசம், பிறகு பல வருடம் அதுவே கருத்தடையாகவும் இருக்கும், வேண்டாம் என்றபோது எடுத்துவிடலாம். பிள்ளை பெறாதவர்களுக்கும் வைக்கலாம்.

ஒன்றுமே கிடைக்காத நிலைமையில் பழைய வழி ஒன்று இருக்கிறது. கனடாவின் டாக்டர் யூஸ்பே 1970களில் சொன்னது. மாலா-டி போன்ற தினசரி மாத்திரையில் ஹார்மோன் உள்ள பகுதியிலிருந்து நான்கு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு நான்கு. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் தனி மாத்திரையைவிடப் பலன் குறைவு, குமட்டலும் வாந்தியும் அதிகம், மேலே சொன்ன எஸ்ட்ரடியோல் ஒத்துக்கொள்ளாத ஆட்களுக்கு ஆகாது. ஒரு மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவசரத்தில் இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிப் போட்டவர்களும் உண்டு, அட்டையின் கடைசி வரிசையைத் தொடாதீர்கள்.

விருப்பமில்லாமல் நடந்த உறவு என்றால் கதையே வேறு. கடைக்குப் போகவே வேண்டாம். அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும், அவசர கருத்தடையும் அந்தச் சிகிச்சையில் சேர்ந்தது.

அவசர மாத்திரையை அடிக்கடி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை போட்டாலும் ஆபத்தில்லை, நாள் கணக்கு குழம்பும், அவ்வளவே. தினசரி மாத்திரையை ஒழுங்காகப் போடுபவரோடு ஒப்பிட்டால் இதை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கர்ப்பமாகும் வாய்ப்பு கூடுதல் என்பதற்காகத்தான் வழக்கமாக்க வேண்டாம் என்கிறோம்.

தோழி அடுத்த முறை பெங்களூர் போகும்போது ஒன்று கூடுதலாக வாங்கி வரச் சொல்லுங்கள், நூறு ரூபாய்க்கு முன்பின் ஆகும். அவசரத்துக்கு முன்பே வாங்கி வைப்பதில் தவறே இல்லை. அட்டையில் காலாவதித் தேதி பாருங்கள், சில வருடம் தாங்கும். ஹேண்ட்பேக்கிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ போட்டு வைக்காதீர்கள், சென்னை வெயிலுக்கு ஆகாது. பீரோவில், துணிக்கு நடுவே வைத்தால் போதும்.